மதகுக்காரனுக்குக் கண் திறந்தது

ஏரி உடைந்த மறுவாரம் ஓவர்சியர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தண்ணீர் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனதோ அதையெல்லாம் ஊர்ப் படத்தில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். நான் டிரேசர். பட்டணத்தில் படம் வரையப் படித்துவிட்டு, சொந்த ஊரான உத்திரமேரூருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட முடிந்திருக்கவில்லை. உடைந்தது எங்கள் ஊர் ஏரி அல்ல. சாலவாக்கம் பஸ்ஸில் போய் இறங்க வேண்டிய, கடைத்தெருவும் சந்தையும் இருந்த ஒரு சின்ன ஊரின் ஏரி. அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டியதில்லை.

நான் குறித்தவை: ரைஸ்மில்லின் மேற்குச் சுவர், கடைத்தெருவின் வடக்கு வரிசை, பள்ளிக்கூடத்துக் கூரை, சந்தைத் தோப்பில் பாதி, சேரி. சேரிக்குள் தனித்தனியாக எதையும் குறிக்கும்படி இல்லை. சுற்றி ஒரே கோடாகப் போட்டுவிட்டேன். படத்திலேயே சுலபமான இடம் அதுதான்.

ஏரி ஏன் உடைந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே யாரும் அதைப் பேசவில்லை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போவதற்குக் கலங்கல் என்று ஒரு தாழ்வான கல்சுவர் இருக்கும். அந்த வருஷம் ரைஸ்மில் முதலாளி, இரண்டாம் போகத்துக்கும் தண்ணீர் நிற்கட்டும் என்று, கலங்கலின் மேல் மண்மூட்டை அடுக்கி உயர்த்தச் சொன்னார். மழைக்கு முன் எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிற காரியம்தான். அவர் கொஞ்சத்தோடு நிற்கவில்லை. கார்த்திகையில் புயல் மழை விடாமல் அடித்தபோது தண்ணீருக்குப் போக வழியில்லை, கரை விம்மியது. மூட்டைகளைப் பிடுங்கிப் போட மதகுக்காரனை இறக்கினார்கள். மதகைத் திறந்து மூடி வயலுக்கு நீர் விடுகிற கூலி அவன். இடுப்பில் கயிறு கட்டி, மேலே நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் சில மூட்டைகளை எடுத்தான். அதற்குள் வேறொரு இடத்தில் கரை போய்விட்டது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விட்டார்கள். கடைசியாக விட்டவனுக்கு இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. தண்ணீர் வடிந்தபின், மதகுக்குக் கீழே வெள்ளம் தோண்டிய பெரிய பள்ளத்தில் மதகுக்காரன் கிடந்தான்.

முதலாளி விழாக்குழு ஒன்று அமைத்து, அதற்குத் தாமே தலைவர் ஆனார். ஊருக்காக உயிர் கொடுத்தவனுக்கு ஏரிக்கரையில் சிலை. சேரி ஜனங்கள் அப்போது கூரையில்லாத பள்ளிக்கூடத்தில் கீற்றுத் தடுப்பு கட்டிக் குடியிருந்தார்கள். சிமெண்டு பெர்மிட்டில்தான் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கு என்று வந்த சிமெண்டில்தான் சிலை எழுந்தது. பீடத்துக்கு நான் படம் வரைந்தேன். தளம், அதன்மேல் மூன்று படி, மேலே பெயர்ப்பலகைக்கு ஒரு குழி. நன்றாகவே வந்தது என்று ஓவர்சியர் சொன்னார்.

சிலை செய்ய கூரம் பக்கத்திலிருந்து ஒரு ஸ்தபதியை அழைத்து வந்தார்கள். கோபுரத்தில் சுதை பொம்மை செய்கிறவர். தேவர், பூதம், துவாரபாலகர் இவர்களைத் தவிர வேறு யாரையும் அவர் அதுவரை செய்ததில்லை. மதகுக்காரனுக்குப் போட்டோ கிடையாது. ஆகவே அவன் மனைவியை மில் களத்துக்கு வரவழைத்தார்கள். அவள் சொல்லச் சொல்ல நான் காகிதத்தில் வரைய வேண்டும் என்று ஏற்பாடு.

என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். நெல் காய்கிற களத்தின் ஓரமாகக் காலை மடித்து உட்கார்ந்தாள். என் பென்சிலையும் அட்டையையும் பார்த்துவிட்டு, "நீதான் கோடு போடற அம்மாவா?" என்றாள். அன்றிலிருந்து நான் அவளுக்குக் கோட்டம்மா.

"முகம் வட்டமா, நீளமா?" என்றார் ஸ்தபதி.

"முகமா? குடிச்சா வட்டம், பசிச்சா நீளம்."

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். முதலாளி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, "ஏ பொண்ணு, ஒழுங்கா சொல்லு. ஊரே அவன கும்புடப் போவுது, நீ இன்னா நையாண்டி பண்ணிக்கினு கீற?" என்றார்.

அவள் ஒழுங்காகச் சொன்னாள். ஒல்லி. முன்பல் ஒன்று பாதி. இடது காது நுனி கிழிந்தது. மீசை உண்டு. ஒரு கண் சற்று மூக்குப் பக்கம் திரும்பி இருக்கும். அவன் யாரைப் பார்க்கிறான் என்று சட்டென்று தெரியாது. அவள் "ஆமா" என்று தலையசைக்கும்வரை திருத்தித் திருத்தி வரைந்து கொடுத்தேன். ஸ்தபதி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாறுகண் வைக்கக் கூடாதும்மா. தெய்வமா நிக்கப் போறவன்" என்றார்.

"தெய்வமா? அவனா?" என்றாள் அவள். அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

என் படத்திலிருந்து சிலைக்குப் போனது மீசை மட்டும்தான்.

அவள் அழவில்லை என்பது ஊரில் பெரிய பேச்சாக இருந்தது. கயிற்றைக் கடைசியாக விட்டவன் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்துத் தடுப்பில் இருந்தான். கை ஆறும்வரை அவனால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அவள் பிசைந்து வைத்தாள். கை ஆறியபின் அவன் அவளுக்கு விறகு கொண்டுவந்து போட்டான். அப்படித்தான் தொடங்கியது. அவர்கள் ஜனத்தில் அறுத்துக் கட்டுவது வழக்கம். தாலி அறுத்தவள் இன்னொருவன் கொடுக்கும் சீலையைக் கட்டிக்கொண்டு அவனோடு போகலாம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வைகாசியில் என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்பதால் நான் அவளையே கேட்டேன்.

"அவன்தானே கயிற்றை விட்டான்?"

"வுடாட்டி அவனும் பூட்டிருப்பான். அப்ப எனக்கு யாரு கீறா?" என்றாள்.

முதலாளி காதுக்கு இது எட்டியபோது நான் ஓவர்சியரோடு மில்லில்தான் இருந்தேன். பீடத்தின் படத்தை விரித்து வைத்திருந்தோம். அவர் படத்தின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"இன்னா ஓவர்சியரே, பேஜாராப் பூட்ச்சே. காஞ்சீபுரத்துலேர்ந்து பெரிய ஆபீசர் வராரு, தெறந்து வைக்கிறாரு, 'தியாகியோட சம்சாரம் எங்கய்யா'ன்னு கேக்குறாரு. இன்னா சொல்றது? பக்கத்து வூட்டுக்காரனுக்கு சோறாக்கினு கீறா சார்னா?"

"அவங்க வழக்கம் அதுங்களே" என்றார் ஓவர்சியர்.

"அவங்க வழக்கம் அவங்க ஆளுக்கு. இவன் இப்ப நம்ம ஆளு நைனா."

சித்திரையில் திறப்பு விழா. சிலைக்குக் கண்ணை மட்டும் வைக்காமல் ஸ்தபதி விட்டுவைத்திருந்தார். முகத்தில் இரண்டு வழவழப்பான மேடு, அவ்வளவுதான். கோயிலில் செய்கிற மாதிரி கடைசி நாள் காலையில்தான் கண் திறப்பேன் என்றார். கண் திறந்ததும் முதல் பார்வை உக்கிரமாக இருக்கும்; அது மனிதர்மேல் விழக்கூடாது; கன்றோடு ஒரு பசுவை எதிரே நிறுத்த வேண்டும். அது ஒரு கூலியாளின் சிமெண்டு பொம்மை, கோயில் மூர்த்தி அல்ல என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலாளிக்கோ மிகவும் பிடித்துப்போயிற்று. "செய்யிப்பா, ஒரு குறையும் வைக்காத" என்றார்.

கண் திறப்புக்காகத் திரைத்துணியை இறக்கியபோது அவள் முன்வரிசையில் நின்றிருந்தாள். கோபுர வாசலில் நிற்கிற துவாரபாலகர், கையில் கதாயுதத்துக்குப் பதில் மண்வெட்டி. மார்பு ஒரு பெட்டி மாதிரி. தொடை இரண்டும் தூண்.

"ஐய, இவனுக்கு இன்னா தொட!" என்றாள் அவள். "எங்கூட்டுக்காரன் மாரி ரெண்டு பேர சேத்தாலும் இந்தத் தொட வராதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவரை அது ஒரு நல்ல காலைநேரமாகத்தான் இருந்தது.

பசு கரை ஏறவில்லை. உடைப்பை அடைத்த புதுமண் இன்னும் இறுகவில்லை. அது இரண்டடி வைக்கும், குளம்பு புதையும், கன்று கத்தும், பின்வாங்கிவிடும். வாலை முறுக்கினார்கள், தள்ளினார்கள். சாலவாக்கம் ரோட்டில் ஜீப் வருகிற தூசு தெரிந்தது. ஸ்தபதி கண்ணுக்கு என்று பிசைந்து வைத்திருந்த சாந்தைப் பூசிவிட்டார். இறுகுமுன் கீற வேண்டும்.

"பசுவுக்கு எங்க போறது இப்ப?" என்றார் முதலாளி. "தோ, பொண்டாட்டி நிக்கிறா இல்ல? அவள நிறுத்து. புருசன் மொதல்ல பொண்டாட்டியத்தானே பாப்பான்!"

கூட்டத்துக்கு இது முந்தியதைவிடப் பெரிய வேடிக்கை. ஸ்தபதி மட்டும் உளியைக் கீழே இறக்கினார். "தாலி அறுத்தவங்க எதிர்ல நிக்கக் கூடாதுங்க."

"அவன் தோ எழுந்து நிக்கிறான். அப்புறம் இவ எப்பிடி அறுத்தவ?"

ஸ்தபதி உளியை மறுபடி தூக்கினார். முதலாளி வீட்டுப் பெண்கள் வரிசையிலிருந்து யாரோ குங்குமச் சிமிழை நீட்டினார்கள். யாரோ அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். இன்னொருத்தி நெற்றியில் வைத்தாள். அவள் "வேணாம், வேணாம்" என்று சொன்னது மேளத்தில் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேர் அவள் முழங்கையைப் பிடித்துப் பீடத்தின் எதிரே நிறுத்தினார்கள். ஸ்தபதி ஈரச் சாந்தில் கருமணியைக் கீறினார். முதலில் வலது, பிறகு இடது. நேர்க்கண். இரண்டும் அவளைப் பார்த்தன. பூவாணம் விட்டார்கள். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த கயிற்றுக்காரன் அங்கிருந்து போய்விட்டிருந்தான்.

பெரிய அதிகாரி வந்தார், மாலை போட்டார், பேசினார், மில்லில் நாஷ்டா சாப்பிட்டார், போனார். சம்சாரம் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை.

அன்றைக்கு நடந்தது விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அது சட்டமாகிவிட்டது. முதலாளி தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பெரியவர்கள் மறுபடி உட்கார்ந்து, கண் திறந்து பார்த்துவிட்டான், இனிமேல் அவள் அறுத்தவள் இல்லை, புருஷன் இருக்கிறவளுக்கு இன்னொருவன் சீலை கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாற்று நடுகிற பெண்கள் அவளிடம் முதல் நாற்றுமுடியைக் கொடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு வரிசையில் சேர்க்கவில்லை. சாமி பெண்டாட்டி சேற்றில் இறங்கலாமா? கூலி போயிற்று. சிலைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை ஓவர்சியர் அவளுக்குப் போட்டுக் கொடுத்தார். நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார். கயிற்றுக்காரன் கரைமேல் நடப்பதை விட்டுவிட்டு, வயல்களைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான்.

வேலை முடிந்ததற்கான படம் வரைய அளவெடுக்க டேப்போடு நான் போயிருந்தபோது அவள் மட்டும் இருந்தாள். ஏணியில் ஏறி, குடத்துத் தண்ணீரைச் சிலையின் தோளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பீடத்தின் பக்கங்களை அளந்தேன். அவள் இறங்கி வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோட்டம்மா, இதுக்கு எதுக்கு தண்ணி ஊத்தச் சொல்றாங்கோ? காஞ்சா கெட்டியாயிடாதா?"

"காயறது வேற, கெட்டிப்படறது வேற. சிமெண்டு தண்ணியைக் குடிச்சாத்தான் கெட்டிப்படும். தண்ணி இல்லாம வெயில்ல காஞ்சா, பாக்க நல்லா இருக்கும். தேச்சா உதிர்ந்துடும்."

"எங்க ஊத்தலியோ அங்க மட்டும் உதிரும்?"

"அங்க மட்டும்."

அவள் மேலே பார்த்தாள். "ஒடம்பெல்லாம் முன்னாடியே ஊத்தி எறுகிப் பூட்ச்சி."

"கண்தான் புதுசு" என்றேன்.

அவள் டேப்பை விட்டுவிட்டு அடுத்த குடத்துக்குப் போனாள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தொழில் விஷயம் கேட்டாள்; சொன்னேன். அடுத்த முறை சாலவாக்கம் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது, சிலையின் மார்பும் தோளும் ஈரத்தில் கறுத்திருந்தன. நெற்றிக்குக் கீழே மூக்குவரை வெளுப்பாக, காய்ந்து இருந்தது. வெயில் நேராக அங்கேதான் அடித்தது.

வைகாசி போயிற்று. ஆடி முதல் வெள்ளியில் கரையில் பொங்கல் வைத்தார்கள். சிலைக்கு அவன் பெண்டாட்டி கையால் குளிப்பாட்டு என்று முதலாளி ஏற்பாடு. ஓவர்சியருக்கு அழைப்பு, அவர் என்னையும் கூட்டிப்போனார். அவள் ஏணியில் ஏறினாள். எண்ணெய் வைத்தாள். சீயக்காய் போட்டாள். தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு மார்பு, கை, கழுத்து என்று வரிசையாகத் தேய்த்தாள். கீழே பெண்கள், "நல்லாத் தேயி, எத்தினி நாள் அழுக்கோ" என்று கேலி செய்தார்கள். முகத்துக்கு வந்தபோது அவசரமே படவில்லை. ஒரு கையால் சிலையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்த்தாள். மணல் உதிர்ந்தது. சீயக்காய்த் தண்ணீரோடு கன்னத்தில் வழிந்தது. தண்ணீர் ஊற்றியபோது இரண்டு குழி இருந்தது.

மேளம் நின்றது.

"ஐயோ, கண்ணு பூட்ச்சே! எம் புருசனுக்குக் கண்ணு பூட்ச்சே!" என்று அவள் ஏணிமேலிருந்து கத்தினாள். கார்த்திகை வெள்ளத்துக்கு அழாதவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், ராகம் போட்டு அழுதாள். நன்றாகவே அழுதாள், கீழே கிழவிகள் கூட அழுதார்கள். அழுதுகொண்டே ஈரக் கையால் நெற்றிக் குங்குமத்தை வழித்து எடுத்தாள்.

முதலாளிக்குப் புரிந்தது. ஆனால் குளிப்பாட்டச் சொன்னவர் அவர்தான். ஸ்தபதியை வரவழைத்து, "திருப்பி வையி கண்ண" என்றார்.

"முடியாதுங்க. ஒருதரம் தெறந்த கண்ணு போனா அது பின்னம். பின்னமானத வச்சிக் கும்புட்டா ஊருக்கு ஆவாது. தண்ணியில வுட்டுறணும்."

குறை இல்லாமல் செய் என்று சொன்ன முதலாளியால் இதை மறுக்க முடியவில்லை. பீடத்திலிருந்து இரும்புக் கம்பியை அறுத்து, சிலையின் இடுப்பில் கயிறு கட்டினார்கள். இழுக்க வந்த ஆட்களில் கயிற்றுக்காரனும் இருந்தான். கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. மதகுக்குக் கீழே இருந்த பள்ளத்துக்குத்தான் இறக்கினார்கள். ஊரில் ஆழமான தண்ணீர் அங்கேதான் இருந்தது. இந்தத் தடவை விடு என்று சொல்லும்வரை யாரும் கயிற்றை விடவில்லை.

அவள் நெற்றியில் ஒன்றும் இல்லாமல் கரையில் நின்றாள். ஆட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்தார்கள். அவள் கயிற்றுக்காரன் எதிரில் போய், எல்லோரும் பார்க்க, "இன்னா? இப்ப அறுத்தவதானே நானு?" என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேணாம்" என்றான். "கண்ணு இருந்தப்ப கரைமேல வராத இருந்தா போதும், தப்பிச்சிக்கலாம். இப்ப அவன் எங்க பாக்கறான்னே தெரியலியே."

"அது சிமிட்டிடா."

"கயிற வுட்டவன் நானு. ஒனக்கு சிமிட்டி."

கூட்டத்தில் ஒருவன், "போய் வேற தொடையாப் பாருடி!" என்றான். அன்றைக்கு அதற்கும் சிரித்தார்கள்.

அறுவடைக்கு அவன் காவாந்தண்டலம் போனான். திரும்பவில்லை. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். கண்ணை அவித்தவள் என்று பேர் வந்துவிட்டதால் அவளுக்கு வேறு யாரும் சீலை கொடுக்கவும் இல்லை. நாற்று வரிசையில் மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

பீடம் காலியாகவே இருந்தது. அடுத்த கோடையில் முதலாளி தம்முடைய அப்பாவுக்குச் சிலை வைக்க நிச்சயித்தார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்ட மிச்சச் சிமெண்டு என்றார். கூரையைக் கீற்றிலேயே முடித்திருந்தார்கள். என் பழைய படத்தையே எடுத்தேன். பீடத்தின் அளவில் ஒரு மாற்றமும் இல்லை. டிரேசிங் துணியில் எழுதிய பெயரை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டு, அந்த இடத்தைச் சீமைச்சுண்ணாம்பால் தேய்த்து, புதுப் பெயரை எழுதினேன். ஸ்தபதியும் அவரேதான். இந்த முறை அவரிடம் போட்டோ இருந்தது. பசு வேண்டாம், கண் திறப்பு வேண்டாம், சாதாரணமாகச் செய் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வேலையைப் பார்த்து வர நான் போனபோது ஏணி சார்த்தியிருந்தது. தண்ணீர் ஊற்றுகிற கூலிக்கு அவளைத்தான் வைத்திருந்தார்கள், பழக்கமானவள் என்று. குடத்தைத் தலைமேல் தூக்கிப் பிடித்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"கோட்டம்மா, கண்ணுக்கு ஊத்தட்டா, வேணாமா?"

"ஊத்து" என்றேன்.

ஊற்றினாள்.